தாயைக் காத்த அறிவு: திருவனந்தபுரம் தரும் வரலாற்றுப் பாடம்

'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு' என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். இச்சொல்லில் மகிழ்ச்சி பாதி, அச்சம் பாதி. மறுபிறப்பு எய்துவதற்கு முன் மாய்ந்து போகவும் கூடும் என்னும் உண்மையை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். 'தாய் வேறு, சேய் வேறாகப் பிரிந்து இருவரும் நலமாக இருக்க வேண்டும்' என்று அவர்கள் தெய்வத்தை வேண்டிக்கொண்டது வெறும் சம்பிரதாயம் அன்று. பிரசவ அறைக்குள் சென்று உயிருடன் திரும்பாத ஒருத்தியின் நினைவு ஒவ்வொரு தெருவிலும் இருந்தது.

இன்று அந்த அச்சம் பெரிதும் குறைந்திருக்கிறது. அது எவ்வாறு குறைந்தது? புதிய மருந்துகள் வந்தன, பெரிய வைத்தியசாலைகள் எழுந்தன என்று கூறுவது விடையின் ஒரு பகுதியே ஆகும். வைத்தியசாலையைக் கட்டுவது எளிது. கருவுற்ற பெண்ணை அதன் வாயிற்படி ஏறச் செய்வதே அரிது. தன் உடலுக்கு என்ன வேண்டும், எப்பொழுது வேண்டும், எந்த அறிகுறி கண்டால் அஞ்ச வேண்டும் என்னும் அறிவு அப்பெண்ணுக்கு முதலில் வாய்க்க வேண்டும். அந்த அறிவு யார் வாயிலாக, எந்த மொழியில் அவளைச் சென்று சேர்ந்தது என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் திருவனந்தபுரம். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணி நம்மை இந்நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தமிழருக்கு இது முற்றிலும் அயலூர் அன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு சேர்ந்தே இருந்தது. சாலைக் கடைத் தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் தமிழ் ஒலி தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறது. ஆகவே, இவ்வூரின் வரலாற்றை நம் வரலாறாகவும் கொள்வதில் தவறில்லை.

முதலில் பழைய நிலைமையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிரசவம் என்றால் வீடுதான்; உதவிக்கு வருபவள் மருத்துவச்சிதான். மலையாளத்தில் அவளை 'வயற்றாட்டி' என்றும் 'பதிச்சி' என்றும் வழங்கினர். எழுத்தறியாத அப்பெண் தன் தாயிடமிருந்து தொழிலைக் கற்றாள். நள்ளிரவில் அழைத்தாலும் வந்தாள். இருமல் மருந்து முதல் குழந்தைக்கு உரைமருந்து வரையில் எல்லாம் அவள் அறிவாள். குடும்பத்தின் இரகசியங்கள் அவளிடம் பாதுகாப்பாக இருந்தன. கருவுற்ற பெண் தன் கணவனிடமும் கூறாததை அவளிடம் கூறினாள். அவளைக் குறித்து நாம் இழிவாக ஒரு சொல்லும் சொல்லத் துணியோம்.

எனினும், அவள் அறியாதது ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் கையிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு வந்து, பிள்ளை பெற்றவளுக்குச் சன்னி போன்ற கொடிய காய்ச்சலை உண்டாக்கும் என்பதை அவள் அறியாள். ஆனால், இந்த அறியாமை அவளுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. 1847-இல் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் இளம் டாக்டர் ஒரு விந்தையைக் கண்டார். அங்கே பிரசவ விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பணி புரிந்தனர்; மற்றொன்றில் மருத்துவச்சிகள் பணி புரிந்தனர். பிரசவக் காய்ச்சலால் தாய்மார் மிகுதியாக இறந்தது படித்தவர்களின் விடுதியிலேதான்! பிணங்களை அறுத்துப் பார்த்த கையுடன் மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று அவர் தெளிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த மரணம் ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆயினும், அவர் காலத்து டாக்டர்கள் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. கற்றவர்களே புதிய அறிவை ஏற்கத் தயங்கினார்கள் எனில், கிராமத்துப் பெண் தயங்கியதில் வியப்பு என்ன இருக்கிறது?

தயக்கத்தைப் போக்கும் வழி யாது? இதற்குத் திருவிதாங்கூர் தந்த முதல் விடை, ஓர் இளம் அரசியின் செயலிலே இருக்கிறது. 1810 முதல் 1815 வரை ஆட்சி செலுத்திய ராணி கௌரி லட்சுமி பாய், அம்மை குத்தும் முறையைத் தம் நாட்டில் புகுத்தினார். மக்கள் அஞ்சினர். அம்மை தேவியின் சீற்றம் வருமோ என்று கலங்கினர். அப்பொழுது ராணி, அரச குடும்பத்தினருக்கே முதலில் அம்மை குத்தச் செய்தார். நூறு பிரசங்கங்கள் சாதிக்க முடியாததை அந்த ஒரு செயல் சாதித்தது. 'அரண்மனையில் உள்ளவர்களே கையை நீட்டினார்கள்' என்ற செய்தி மக்களின் அச்சத்தைத் தணித்தது.

அந்த ராணியின் வாழ்விலேயே மற்றொரு செய்தியும் உண்டு. 1813-இல் அவருக்குச் சுவாதித் திருநாள் பிறந்தார். 1814-இல் உத்திரம் திருநாள் பிறந்தார். மறு ஆண்டு, இருபத்தைந்து வயதும் நிறையாத இளமையில், ராணி மறைந்தார். ஒரு கொள்ளை நோயிலிருந்து தம் குடிகளைக் காக்க முனைந்தவரின் ஆயுள், அடுத்தடுத்து இரண்டு மகவுகளை ஈன்ற சிறிது காலத்தில் முடிந்தது. அரண்மனைச் சுவர்கள் எவ்வளவு உயரமாயினும், அக்காலத்துப் பெண்ணின் உயிருக்கு உறுதி இல்லை என்பதையே இது நினைவூட்டுகிறது.

அடுத்த நூற்றாண்டில் திருவனந்தபுரம் தந்த இரண்டாவது விடை, டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் என்னும் பெண்மணியின் பெயரோடு இணைந்தது. கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் ஊரில் 1886-இல் பிறந்தவர் இவர். இவருடைய தந்தை டாக்டர் டி. இ. புன்னன், திருவிதாங்கூரின் அரண்மனை வைத்தியராக விளங்கியவர். மகளும் வைத்தியம் பயில விரும்பினார். ஆனால் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில், பெண் என்னும் காரணத்தால் அவருக்கு விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் சரித்திரம் பயின்று, 1909-இல், அக்கல்லூரியின் ஒரே மாணவியாக, பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து லண்டன் சென்று, 1915-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் அடைந்தார். பிரசவ வைத்தியத்திற்குப் பெயர்போன டப்ளின் நகரத்து ரொட்டண்டா மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார்.

1916-இல் தாயகம் திரும்பிய அவர், திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். அங்கே கருவிகள் இருந்தன, கட்டில்கள் இருந்தன. ஆனால் ஊரார் உள்ளத்தில் ஒரு தடை இருந்தது. 'வீட்டில் உற்றார் உறவினர் இல்லாதவள்தான் பிரசவத்திற்கு வைத்தியசாலைக்குப் போவாள்' என்னும் எண்ணம் நாடெங்கும் வேரூன்றியிருந்த காலம் அது. போதாக்குறைக்கு, ஊர் மருத்துவச்சிகள் இந்தப் புதிய வைத்தியத்தைத் தங்கள் பிழைப்புக்கு வந்த ஆபத்தாகக் கருதுவதும் இயல்பே அன்றோ?

இந்த இடத்தில் டாக்டர் மேரி செய்த காரியம் வரலாற்றில் பொறிக்கத் தக்கது. அவர் மருத்துவச்சிகளைப் பகைக்கவில்லை. அவர்களை அறியாதவர்கள் என்று இகழ்ந்து ஒதுக்கவும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்து, பிரசவம் பார்க்கும் முறைகளை வைத்தியசாலையில் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். அதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மருத்துவச்சியின் பிழைப்பு பறிபோகவில்லை. அது அவள் மகளுக்குச் சிறப்பான முறையில் கைமாறியது. ஊர்ப் பெண்களுக்கோ, தாங்கள் குழந்தைப் பருவம் முதல் அறிந்த ஒருத்தியின் மகள், கழுவிய கையோடும் கொதிக்கவைத்த கத்தரிக்கோலோடும் வந்தாள். அறிவு புதியது, அதைக் கொண்டுவந்த முகம் பழையது. ஆகவே கதவு திறந்தது.

1920-இல் டாக்டர் மேரி வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் சிகிச்சையைச் செய்தார். கேரளத்தில் நடந்த முதல் சிசேரியன் அதுவே என்று கூறுவர். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியை வகித்தார். அப்பொழுது முப்பத்திரண்டு அரசாங்க வைத்தியசாலைகளும் நாற்பது மருந்தகங்களும் அவருடைய மேற்பார்வையில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் விடுதி ஏற்படவும் அவரே காரணமாக இருந்தார். 1975-இல் 'பத்மஸ்ரீ' விருது பெற்று, மறு ஆண்டு இயற்கை எய்தினார். விஞ்ஞானம் கற்கத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட பெண், அந்நாட்டு வைத்திய இலாகாவுக்கே தலைமை தாங்கினார்.

இதே 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த மற்றொரு பெண்மணியைத் தமிழர் மறப்பதற்கில்லை. ஆண்கள் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே பயின்று, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களையே குறிப்பிடுகிறோம். 1844-இல் தொடங்கி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற பிரசவ வைத்தியசாலையில் அவர் பணி புரிந்தார். பின்னர்ச் சட்டசபையில் அமர்ந்து பெண்களுக்காக வாதாடினார். தமிழ்நாட்டில் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்விருவருடைய வாழ்வும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பெண்ணின் கூச்சத்தையும் அச்சத்தையும் அறிந்த பெண்ணே டாக்டராக வந்தபொழுது, வைத்தியசாலை அந்நியர் வீடாகத் தோன்றவில்லை.

இதுவரை பிரசவ வேளையைக் குறித்தே பேசினோம். ஆனால் தாயைக் காக்கும் வேலை வலி எடுக்கும் நாளில் தொடங்குவது அன்று. கரு உருவான நாளிலேயே தொடங்குவது. இந்த எண்ணம் மேல்நாட்டிலும் மிகப் பழையது அன்று. எடின்பரோ நகரத்து டாக்டர் பாலன்டைன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், நோய் வருமுன் கருவுற்ற பெண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எந்த வாரத்தில் எத்தனை முறை பரிசோதனை வேண்டும் என்னும் அட்டவணையைப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1929-இல் வகுத்தது.

அதே காலத்தில் நம் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி உலகுக்கே பயன் தந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் வாடியதன் காரணத்தைத் தேடினார். குன்னூரில் உள்ள ஆராய்ச்சிக்கூடத்திலும் சோதனைகள் நடந்தன. ஈஸ்ட் சத்தைக் கொடுத்தவுடன் நோயாளிகள் தேறினர். அச்சத்தில் மறைந்திருந்த பொருளே பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்கள் உண்ணும் அந்தச் சிறு மாத்திரையின் வரலாற்றில், பிழைப்புக்காகப் பம்பாயில் ஆலைத் தறியின் முன் நின்ற எளிய பெண்களின் பங்கு இருக்கிறது. வெளிமாநிலங்களில் உழைக்கும் நம் சகோதரிகள் இதனை அறிந்தால், அந்த மாத்திரையை அலட்சியமாக எறிய மனம் வராது.

திருவிதாங்கூரும் இத்துறையில் பின்தங்கவில்லை. ராக்பெல்லர் அறநிலையத்தின் ஒத்துழைப்புடன், திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாற்றின்கரையில், 1930-களில் ஒரு சுகாதாரப் பிரிவு இயங்கியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், வீட்டைத் தேடிச் செல்வதே இத்தகைய பிரிவுகளின் நோக்கம். கருவுற்ற பெண்ணின் இல்லத்திற்கே தாதி சென்று, அவள் உண்ணும் உணவையும், வசிக்கும் இடத்தையும், குடிக்கும் நீரையும் நேரில் கண்டு அறிவுரை கூறும் முறை இவ்வாறு வளர்ந்தது. இது மூன்றாவது விடை என்று கூறலாம். முதலில் அரசி முன்னின்று காட்டினார்; அடுத்து மருத்துவச்சியின் மகள் கற்றாள்; பின்னர்த் தாதி வீடு தேடி வந்தாள்.

நாடு முழுவதையும் நோக்கினால் நிலைமை அக்காலத்தில் இருண்டே கிடந்தது. 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இவர் முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தாய்மார் பேறுகாலக் காரணங்களால் மடிகின்றனர் என்று அக்குழு மதிப்பிட்டது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் இருபது தாய்மார் மாண்டனர் என்பது அதன் கணக்கு. அந்தப் பேரெண்ணின் பின்னே, தாயில்லாமல் வளர்ந்த எத்தனை குழந்தைகள் இருந்திருப்பார்கள்!

விடுதலைக்குப் பின் திருவனந்தபுரத்தில் 1951-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1952-இல் அதனைச் சார்ந்து ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் எனத் திறக்கப்பட்டது. ஆறு வயதில் இதய நோயால் மறைந்த ஓர் அரச குமாரனின் நினைவாக எழுந்த அந்த மருத்துவமனையை, இன்று ஊரார் சுருக்கமாக 'எஸ்.ஏ.டி.' என்பர். தென்கேரளத்திலிருந்து மட்டுமின்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் அங்கே தாய்மார் வருகின்றனர்.

2018 முதல் 2020 வரையுள்ள அரசாங்கக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19 பேர். 1946-ஆம் ஆண்டின் மதிப்பீட்டை இதே அளவில் சொன்னால் அது இரண்டாயிரம் ஆகும். இரண்டாயிரத்திற்கும் பத்தொன்பதுக்கும் இடையே கிடக்கும் தூரத்தைக் கடந்து வந்த கதையே நாம் மேலே கூறியது.

ஆனால் கேரளத்து டாக்டர்கள் இத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை. இறந்த ஒவ்வொரு தாயின் வரலாற்றையும், பெயர்களை மறைத்து, எவரையும் குற்றம் சாட்டாமல் ஆராயும் முறையை 2004 முதல் அம்மாநிலத்து மகப்பேறு வைத்தியர் கூட்டமைப்பு கைக்கொண்டது. இங்கிலாந்தில் 1952 முதல் வழங்கி வரும் முறையைத் தழுவியது இது. பிரசவத்தின்பின் நிற்காத இரத்தப்போக்கும், இரத்தக் கொதிப்பும் தாயின் உயிரைப் பறிக்கும் முக்கிய பகைவர்கள் என்பது இத்தகைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இவ்விரண்டுமே காலத்தில் கண்டால் பெரும்பாலும் தடுக்கக் கூடியவை. காலத்தில் காண்பவர் யார்? டாக்டருக்கு முன்பே, அப்பெண்ணும் அவள் வீட்டாரும் அல்லவா காண வேண்டும்!

இனி, நேயர்களே, நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறோம். நாம் வசிக்கும் தெருவில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்த ஓர் இளந்தம்பதியர் குடியிருந்தனர். அப்பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குச் செல்ல வசதிப்படாமையால் இங்கேயே பெற்றெடுத்தாள். சுகமான பிரசவம், வீடு திரும்பிவிட்டாள். சில நாள் கழித்துச் சுகாதாரத் தாதி ஒருவர் அவளைப் பார்க்க வந்தார். அன்புள்ள பெண்மணி, மலையாளத்தில் ஒவ்வொன்றாக விசாரித்தார். 'பனியுண்டோ?' என்று கேட்டார். அப்பெண், 'இல்லை அம்மா, பனியெல்லாம் மார்கழியோடு போயிற்றே' என்று புன்னகையுடன் பதில் சொன்னாள். தாதியின் காதில் 'இல்லை' என்னும் சொல் விழுந்தது. அவர் குறித்துக்கொண்டு புறப்படலானார்.

ஏதோ ஒரு விண்ணப்பத்தை எழுதித்தர நாம் தற்செயலாக அங்கே அமர்ந்திருந்தோம். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். ஒரே சொல், இரு மொழிகளில் இரு பொருள். 'அம்மா, தாதி கேட்டது காய்ச்சலை. உனக்குக் காய்ச்சல் உண்டா?' என்று வினவினோம். 'நேற்று இரவு முதல் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன்' என்றாள் அவள். தாதி திடுக்கிட்டு, அப்பொழுதே வண்டி வரவழைத்து அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். கர்ப்பப்பையில் கிருமி தொற்றியிருந்தது. தக்க மருந்தால் அவள் பிழைத்தாள். வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டு போராடிய அதே பிரசவக் காய்ச்சல்தான் அது.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல்லின் பொருள் ஓர் உயிரின் விலையாகக் கூடும் என்பது அன்றுதான் உறைத்தது. அங்கே வைத்தியசாலை இருந்தது; மருந்து இருந்தது; வீடு தேடி வந்த தாதியும் இருந்தார். குறைந்தது இரண்டே: காய்ச்சல் ஆபத்தின் அறிகுறி என்னும் அறிவு, அதை எடுத்துரைக்கப் பொதுவான ஒரு சொல்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை யாது? தாய் வீட்டில் பிரசவிக்கும் பெண்ணுக்குத் தாயும் அத்தையும் பாட்டியும் காவல். தொலைவில் வாழ்பவளுக்கு அந்தக் காவலை அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்ணும், அவள் கணவனும், அவ்வூர்த் தமிழ்ச் சங்கமும் ஏற்க வேண்டும். அவ்வாறு ஏற்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை மிகச் சிலவே.

கரு உண்டானது தெரிந்தவுடன், பன்னிரண்டு வாரங்களுக்குள், அருகிலுள்ள அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். அங்கே தாய்சேய் நல அட்டை ஒன்று தருவர். அது எம்மொழியில் இருந்தாலும் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் பயணம் புறப்படும்பொழுது, பட்டுப்புடவையை மறந்தாலும் அந்த அட்டையை மறத்தல் ஆகாது. அதுவரை நடந்த பரிசோதனைகளின் சரித்திரம் அதில்தான் இருக்கிறது. குறைந்தது நான்கு முறையேனும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார ஸ்தாபனமோ 2016 முதல் எட்டு முறை என்று கூறுகிறது. ஒவ்வொரு முறையும் எடை, இரத்தக் கொதிப்பு, இரத்தத்தின் செம்மை, சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டுவதில்லை. ரணஜன்னி வராமல் தடுக்கும் ஊசியும், முதல் மூன்று மாதம் போலிக் அமில மாத்திரையும், பின்னர்க் குறைந்தது நூற்றெண்பது நாள் இரும்புச்சத்து மாத்திரையும் தவறலாகாது. மாத்திரையால் மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டாம், அது இயல்பே.

'குறைவாக உண்டால் குழந்தை சிறிதாகிப் பிரசவம் எளிதாகும்' என்று சிலர் கூறுவர். அது தவறு. தாய் மெலிந்தால் சேயும் நலியும். கீரையும் பருப்பும் முட்டையும் பாலும் இயன்ற அளவு சேர வேண்டும். பெற்ற பின் பத்தியம் என்று தண்ணீரையும் மறுத்து வாட்டுவதும், சீம்பாலைக் கறந்து கொட்டுவதும் விடத்தக்கவை. வளைகாப்பும், சீராட்டும், எண்ணெய்க் குளியலும் நம் மரபின் அன்பு; அவற்றை விட வேண்டுவதில்லை.

ஆபத்தின் அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்வது நன்று. இரத்தம் கசிதல், தாங்க முடியாத தலைவலியும் கண் மங்கலும், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல், வலி எடுக்கும் முன்பே பனிக்குடம் உடைதல், பிரசவத்திற்கு முன்னும் பின்னும் காய்ச்சல். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இச்சொற்களுக்கு அவ்வூர் மொழியில் என்ன பெயர் என்பதை முன்கூட்டியே அண்டை வீட்டாரிடம் கேட்டு, அட்டையின் பின்புறத்தில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறு குறிப்பு, கைப்பையில் உள்ள பணத்தைக் காட்டிலும் உதவியாக அமையும்.

செலவை எண்ணிக் கலங்குவோருக்கும் ஒரு சொல். அரசாங்க வைத்தியசாலைகளில் பிரசவமும், தேவையானால் சிசேரியனும், மருந்தும், பரிசோதனையும், உணவும், போக்குவரத்தும் இலவசமாக அளிக்கும் திட்டம் 2011-இல் ஏற்பட்டது. ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் நாள் கருவுற்ற பெண்களுக்குச் சிறப்புப் பரிசோதனை நடத்தும் ஏற்பாடு 2016-இல் தொடங்கியது. இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. வேற்று மாநிலத்தார் என்று எண்ணி ஒதுங்கி நிற்பது, நமக்கு உரியதை நாமே இழப்பதாகும்.

திருவனந்தபுரத்தின் வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: அறிவு தானாக நடந்து செல்வதில்லை, ஒருவர் அதைச் சுமந்து செல்ல வேண்டும். ஒரு காலத்தில் அதை அரசி சுமந்தார். பின்னர் மருத்துவச்சியின் மகள் சுமந்தாள். இன்று, தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில், ஒரே மொழி பேசும் நாலு குடும்பங்கள் வாழும் தெருவில், அதைச் சுமக்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது. உங்கள் தெருவில் கருவுற்ற தமிழ்ப் பெண் இருந்தால், இன்று மாலையே சென்று நலம் விசாரியுங்கள். அட்டை வாங்கினாளா என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு அவ்வூரில் என்ன பெயர் என்பதை அவளுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.